பாலத்து மேல கர்வ் வருதும்மா

அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கும் டோர்சி ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு கேம்டன் லைன் ரயிலில் பால்டிமோருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டாலும் எத்தனை நூறு தடவை அந்தப் பாலத்தைத் தாண்டியிருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு தடவைகூட அங்கே ஒரு பாலம் இருப்பது எனக்குத் தெரியவில்லை. ஃபோன், காபி, அரைத் தூக்கம், செயின்ட் டெனிஸ் ஸ்டேஷன், அப்புறம் பால்டிமோரின் கேம்டன். அவ்வளவுதான் என் ரயில் பயணம்.

போன அக்டோபரில் அப்பா வந்திருந்தார். ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாக, அதாவது தண்டவாளப் பராமரிப்பைப் பார்க்கிற இன்ஸ்பெக்டராக, இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்த வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பி.டபிள்யூ.ஐ.தான். முப்பத்தைந்து வருஷம் டிராலியில் உட்கார்ந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு போன மனுஷன். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு (இந்த லைனில் சனி ஞாயிறு ரயில் கிடையாது) பால்டிமோருக்குக் கூட்டிப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். டோர்சி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாலத்து மேல போறோமாம்மா?"

"இல்லப்பா, இது சும்மா காடு. ஸ்டேட் பார்க் இருக்கு இங்க."

"கீழ பாரு. மரத்தோட தலை தெரியுது."

பார்த்தேன். உண்மைதான், மஞ்சளும் சிவப்புமாக மரங்களின் உச்சி ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார். "பாலத்து மேல கர்வ் வருதும்மா. மூணு டிகிரி, நாலு டிகிரி இருக்கும். எவன்டா இப்படிப் போட்டது?"

நான் சிரித்துவிட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்து தேடினால், தாமஸ் வயடக்ட் என்ற ரயில் பாலம், படாப்ஸ்கோ ஆற்றுக்கு மேல், 1835-ல் கட்டி முடித்தது, முழுக்கக் கருங்கல், வளைவு 4 டிகிரி. அப்பாவிடம் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. "நான்தான் சொன்னேனே" என்று தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. வளைவு உடம்பில் தெரியும் என்றார், அது எனக்கு இன்னும் தெரியவில்லை, விடுங்கள். பாலம் ஏன் எனக்குத் தெரியாமல் போனது என்பதற்கு அவர் சொன்ன காரணம்தான் சுவாரஸ்யம். இரும்பு கர்டர் பாலத்தில் ரயில் ஏறினால் சத்தம் மாறிவிடும், தூங்குகிறவன்கூட முழித்துக்கொள்வான். கல் பாலத்தில் அப்படி இல்லை. வில் மாதிரிக் கட்டிய கமானுக்கு மேல் கல்லும் மண்ணும் நிரப்பி, அதற்கு மேல் ஜல்லி கொட்டி, சாதாரண நிலத்தில் போடுகிற மாதிரியே தண்டவாளம் போடலாம். அதனால் தரையில் ஓடும்போது என்ன சத்தமோ அதே சத்தம் பாலத்திலும். ஆறு வருஷம் நான் தரையில் போவதாக நினைத்துக்கொண்டு 59 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

டிகிரி கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் அப்பாவும் இந்தப் பாலத்தைக் கட்டினவரும் ஒரே பாஷை பேசுகிறார்கள். ரயில் பாதை 100 அடி போவதற்குள் எத்தனை டிகிரி திரும்புகிறதோ அதுதான் அந்த வளைவின் டிகிரி. இந்தியாவிலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், 30.5 மீட்டருக்கு. 1750-ஐ டிகிரியால் வகுத்தால் ஆரம் மீட்டரில் வந்துவிடும். 4 டிகிரி என்றால் ஏறக்குறைய 437 மீட்டர். கேங்மேன்களுக்கு இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டாம். 11.8 மீட்டர் நீளத்துக்கு ஒரு நூலைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்தால் அதுவே டிகிரி. 4 சென்டிமீட்டர் என்றால் 4 டிகிரி. எனக்கு இது மந்திரம் மாதிரி இருந்தது, அப்பா ஒரு பேப்பரில் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினேன்.

பாலம் முழுவதும் 612 அடி. அப்படியென்றால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவதற்குள் ரயில் ஏறக்குறைய 24 டிகிரி திரும்பிவிடுகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஒரு கயிறு கட்டினால் நடுவில் பாலம் அதைவிட்டு 10 மீட்டர் தள்ளி நிற்கும். கூகுள் மேப்பில் மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி, என் மகளுடைய ஸ்கேலை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, லேப்டாப் திரையின் மேலேயே அளந்து "கரெக்டா வருது" என்றார். இந்த வயதில் என் அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை காரில் போனோம். எல்க்ரிட்ஜ் பக்கம் லெவரிங் அவென்யூ என்று ஒரு சின்ன ரோடு இருக்கிறது, அது பாலத்துக்கு அடியிலேயே போகிறது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. எட்டுக் கண். ஒவ்வொரு கண்ணும் 58 அடி அகலம், அரைவட்டக் கமான். கல் எல்லாம் படாப்ஸ்கோ பள்ளத்தாக்கின் கருங்கல். பளபளப்பாக இழைத்த கல் இல்லை, முரட்டுக் கல், இருநூறு வருஷக் கரியும் பாசியும் படிந்து சில இடத்தில் கறுப்பு, சில இடத்தில் பழுப்பு. கீழே ஆறு அன்றைக்கு முழங்கால் அளவுதான் ஓடியது. இவ்வளவு ஆற்றுக்கா இவ்வளவு பெரிய பாலம் என்று தோன்றியது, அதற்குப் பதில் பின்னால் வருகிறது.

கதை இப்படி. பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில்வே, சுருக்கமாக பி அண்ட் ஓ, 1830-ல் பால்டிமோரிலிருந்து எல்லிகாட்ஸ் மில்ஸ் வரைக்கும் பாதை போட்டு குதிரை பூட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. நடுவழியில் குதிரை மாற்றும் இடம்தான் ரிலே, ஊர்ப் பெயரே அப்படி வந்ததுதான். அப்புறம் வாஷிங்டனுக்கு ஒரு கிளைப் பாதை வேண்டும் என்று முடிவாயிற்று. மெயின் லைன் ஆற்றின் வடகரையை ஒட்டி மேற்கே போகிறது, வாஷிங்டனோ தென்மேற்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம். ரிலேயில் பிரிந்து, பிரிந்த வேகத்திலேயே ஆற்றைத் தாண்டித் திரும்ப வேண்டும். அதனால்தான் வளைவு ஆற்றுக்கு மேலேயே வந்து விழுந்தது. எவன்டா இப்படிப் போட்டது என்ற அப்பாவின் கேள்விக்கு இதுதான் பதில், இடம் போட்டது.

வரைந்தவர் பெஞ்சமின் லாட்ரோப், இளையவர். இவருடைய அப்பா, அதே பெயர், வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலைக் கட்டிய கட்டடக் கலைஞர்களில் ஒருவர். அவர் 1820-லேயே நியூ ஆர்லியன்ஸில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துவிட்டார். மகன் படித்தது சட்டம். அதை விட்டுவிட்டு ரயில்வேயில் சர்வே வேலைக்குச் சேர்ந்தவர், இந்தப் பாலத்தின் வேலை தொடங்கியபோது அவருக்கு 26 வயது. அமெரிக்காவில் அதுவரை யாரும் பல கண் வைத்த கல் ரயில் பாலத்தை வளைவில் கட்டியது கிடையாது. கட்டி முடித்தபோது நாட்டிலேயே பெரிய ரயில் பாலமும் இதுதான். ஊர்க்காரர்கள் இது தன் சொந்த எடையையே தாங்காது என்று பேசிக்கொண்டார்களாம், 'லாட்ரோப்பின் பைத்தியக்காரத்தனம்' என்று பட்டப்பெயர் வேறு. வக்கீல் படிப்புப் படித்த பையன் பாலம் கட்டினால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

வளைவில் கட்டுவதில் என்ன கஷ்டம் என்று என் மகள் கேட்டாள். மத்தியானம் சாப்பிடும்போது அப்பா தட்டிலிருந்த வெள்ளரிக்காய்த் துண்டுகளை வைத்துப் பாடம் எடுத்தார். ஒரே தடிமனாக நறுக்கிய துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்தால் நேராகத்தான் வரும். வளைக்கப் பார்த்தால் வெளிப்பக்கம் இடைவெளி விழும். ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும், அதாவது ஆப்பு மாதிரி நறுக்கினால் தானாகவே வளைந்து உட்காரும். லாட்ரோப் செய்ததும் அதுதான். தூண்களின் பக்கவாட்டு முகங்களை வளைவின் மையத்தைப் பார்த்த மாதிரி சாய்த்து வைத்தார், அதனால் ஒவ்வொரு தூணும் மேலிருந்து பார்த்தால் ஆப்பு வடிவம், வெளிப்பக்கம் அகலம், உள்பக்கம் குறுகல். வளைவு முழுவதையும் தூண்கள் வாங்கிக்கொள்கின்றன.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கமான் எப்போதும் தன் இரண்டு பக்கத் தூண்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நேரான பாலத்தில் ஒரு தூணை இந்தப் பக்கக் கமானும் அந்தப் பக்கக் கமானும் எதிரெதிராகத் தள்ளுவதால் கணக்கு நேராகிவிடும். வளைவில் அந்த இரண்டு தள்ளலும் ஒரே கோட்டில் இல்லை, கொஞ்சம் மிச்சம் விழும், அந்த மிச்சம் தூணை வளைவின் வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தப் பக்கம்தான் தூண் அகலமாக இருக்கிறது. "ஒரு கமானை எடுத்துத் தரையில படுக்கப் போட்டா எப்படி இருக்கும், அதுதான்" என்றார் அப்பா. வெள்ளரிக்காயை மகள் தின்றுவிட்டாள்.

கட்டியவர் ஓஹையோவைச் சேர்ந்த ஜான் மெக்கார்ட்னி என்ற கான்ட்ராக்டர். 1833 ஜூலை 4 வேலை ஆரம்பம், 1835 ஜூலை 4 முடிவு. இரண்டுமே அமெரிக்க சுதந்திர தினம். அப்பா இதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார். "நம்ம ஊர்லயும் அப்படித்தாம்மா, தலைவர் பொறந்த நாளுக்குப் பாலம் முடிஞ்சிரும், பெயின்ட் மட்டும் அடுத்த மாசம் அடிப்போம்." வாஷிங்டன் பாதை திறந்தது ஆகஸ்ட் 25-ல். ஆன செலவு 1,42,236 டாலர் 51 சென்ட். அந்த 51 சென்ட்டைப் பார்த்ததும் அப்பாவுக்கு மரியாதை வந்துவிட்டது.

பாலத்துக்குப் பெயர் பி அண்ட் ஓ-வின் முதல் தலைவர் ஃபிலிப் தாமஸ் பெயர். சரி, அது வழக்கம்தான். மெக்கார்ட்னி என்ன செய்தார் என்றால், ரிலே பக்கத்து முனையில் 15 அடி உயரத்துக்கு ஒரு கூர்ங்கல் தூண் எழுப்பி அதில் தன் பெயரையும் வெட்டிவைத்துவிட்டார். கம்பெனித் தலைவர், இயக்குநர்கள், என்ஜினியர் எல்லார் பெயரும் அதில் உண்டு, கான்ட்ராக்டரும் சமமாக நிற்கிறார். இந்தத் தூணை வடிவமைத்தது லாட்ரோப்பின் அண்ணன் ஜான், அவர் அதே ரயில்வேயின் வக்கீல். அண்ணன் தம்பி கூத்தைப் பாருங்கள், வக்கீல் தூணுக்குப் படம் போடுகிறார், வக்கீலுக்குப் படித்தவர் பாலம் கட்டுகிறார்.

கல்லை வெட்டினவர்கள், சென்ட்ரிங் கட்டினவர்கள் பெயர் அதில் இல்லை. கமான் கட்டும்போது கீழே மரத்தில் சென்ட்ரிங் அடித்து, அதன்மேல் இரண்டு பக்கமிருந்தும் கல் அடுக்கிக்கொண்டே வந்து உச்சியில் சாவிக்கல்லை இறக்கி இறுக்குவார்கள், அதுவரை முழுப் பாரமும் மரத்தின் மேல்தான். சென்ட்ரிங்கைத் தளர்த்துகிற அன்றைக்குத்தான் கமான் முதன்முதலாகத் தன் காலில் நிற்கும். எட்டுக் கண்ணுக்கும் சேர்த்து அந்த நாளில் மெக்கார்ட்னி எத்தனை தடவை கண்ணை மூடிக்கொண்டாரோ. அதற்காகவாவது பெயர் வெட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி ஆற்றுக்கு வருகிறேன். படாப்ஸ்கோ பார்க்கத்தான் சாது. 1868 ஜூலை 24 அன்று வந்த வெள்ளத்தில் பள்ளத்தாக்கின் ஆலைகளும் வீடுகளும் பாலங்களும் அடித்துக்கொண்டு போயின, உயிர்ச் சேதமும் நிறைய. இந்தப் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே அவலான் என்று ஒரு இரும்பு, ஆணித் தொழிற்சாலை ஊர் இருந்தது, அதோடு முடிந்தது. இன்றைக்கு ஸ்டேட் பார்க்கில் அந்தப் பகுதிக்குப் பெயர் மட்டும் அவலான். வயடக்ட் நின்றது. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் பார்க்கையே புரட்டிப் போட்டது, அப்போதும் நின்றது. 2016-லும் 2018-லும் மேலே எல்லிகாட் சிட்டியில் மெயின் ஸ்ட்ரீட்டே ஆறாக ஓடியது. 2018 மே மாதம் நான் இந்த ஊருக்கு வந்த புதிது, டிவியில் கார்கள் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் எந்த ஊருக்கு வந்து மாட்டினோம் என்று பயந்தது ஞாபகம் இருக்கிறது. அந்த வெள்ளங்களுக்கும் இந்தப் பாலம் அசையவில்லை. அப்பா சொன்ன விளக்கம்: 59 அடி உயரப் பாலத்தில் 58 அடி அகலத்துக்கு எட்டு வாசல் திறந்து வைத்தால் தண்ணீர் எதற்குச் சண்டை போடுகிறது, போய்விடும்.

எடைக் கணக்கும் அப்படித்தான். பாலம் கட்டின காலத்தில் பி அண்ட் ஓ ஓட்டிய 'வெட்டுக்கிளி' ரக நீராவி என்ஜின்களில் முதலாவது ஆறரை டன். இன்று இதன் மேல் சி.எஸ்.எக்ஸ். கம்பெனியின் சரக்கு ரயில்கள் போகின்றன, ஒரு டீசல் என்ஜினே சுமார் 190 டன், அப்படி இரண்டு மூன்று சேர்த்து இழுக்கும். கல் பாலத்துக்கு அதன் சொந்த எடைதான் பெரிய எடை. கல்லை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால்தான் பிளக்கும், கமானில் இழுவைக்கே இடம் வராதபடி அந்தச் சொந்த எடையே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ரயில் வந்து போவது அதற்கு யானை மேல் காக்கை உட்கார்ந்த மாதிரிதான் என்றார். சொந்த எடையைத் தாங்காது என்று சொன்ன ஊர்க்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

போரிலும் இது நடுவில் நின்றிருக்கிறது. 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது வடக்கிலிருந்து வாஷிங்டனுக்குள் போக இருந்த ஒரே ரயில் பாதை இதுதான். மே 5-ம் தேதி வடக்குப் படையின் ஜெனரல் பட்லர் வந்து ரிலேயைப் பிடித்து, பாலத்தைக் குறிபார்த்து மேட்டில் பீரங்கி வைத்துக் காவல் போட்டார். அதற்கு இரண்டரை மாதம் முன்னால் லிங்கன் பதவி ஏற்கப் போகும்போது பால்டிமோரில் கொலைச் சதி என்று பேச்சு அடிபட, விடியுமுன்னே யாருக்கும் தெரியாமல் கேம்டன் ஸ்டேஷன் வழியாக இதே பாதையில்தான் போனார். 1865 ஏப்ரல் 21-ல் அவருடைய உடல் இதே பாதையில் திரும்பி வந்தது. அப்பாவுக்கு லிங்கன் என்றால் அந்த 'ஆசிரியருக்கு எழுதிய கடிதம்'தான், அதை லிங்கன் எழுதியதற்கு ஆதாரமே இல்லை என்று நான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அன்றைக்கும் வாட்ஸப்பில் யாருக்கோ அனுப்பினார்.

பாலத்தின் மேல் ஏறிப் பார்க்க வேண்டும், ஒரு நூல் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. தனியார் ரயில் பாதை, கால் வைத்தால் கேஸ் போடுவார்கள் என்று தடுத்துவிட்டேன். செயின்ட் டெனிஸ் பிளாட்பாரத்துக்குக் கூட்டிப் போனேன். சனிக்கிழமை, ஆள் அரவமில்லை. தண்டவாளத்தைக் குனிந்து பார்த்து, "இன்னும் மரக்கட்டைதானா இங்க? நாங்க கான்கிரீட்டுக்கு மாறி எத்தனை வருஷம் ஆச்சு!" என்று அமெரிக்காவை ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு சரக்கு ரயில் வந்தது. பெட்டி எண்ணினோம், தொண்ணூறைத் தாண்டியதும் தப்பிவிட்டது. அது பாலம் இருக்கும் திசையில் போய் வளைந்து மறையும் வரை நின்றுகொண்டே இருந்தார். சக்கரச் சத்தம் எங்கேயாவது மாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "மாறல" என்றார்.

ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் இன்னொரு தடவை ரயிலில் போனோம். டோர்சியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு, "நீ அந்த ஃபோன்ல மேப்பைப் பாத்துக்கிட்டே வா, நான் சொல்றேன்" என்றார். நீலப் புள்ளி நகர்ந்துகொண்டே வந்தது. ஆற்றங்கரைக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது வலது கையைத் தூக்கி "இப்ப" என்றார். கரைக்கு அந்தப் பக்கம் போனதும் கையை இறக்கினார்.

நானும் போன வாரம் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கேம்டன் வந்துதான் முழித்தேன்.